மணல் பொது, நிழல் நூறு யூரோ

கிரேக்கத்தின் மிக்கோனோஸ் தீவில், தென்கரையில் இருக்கிறது ப்சாரூ கடற்கரை. நீளம் சில நூறு மீட்டர்தான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தச் சின்னஞ்சிறு குடாவுக்குள் உல்லாசப் படகுகள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும். அவற்றிலிருந்து சிறு விசைப்படகில் கரைக்கு வருபவர்களில் ஹாலிவுட் நடிகர்கள் இருப்பார்கள். கால்பந்து நட்சத்திரங்கள் இருப்பார்கள். வளைகுடா நாட்டுச் செல்வந்தர்கள் இருப்பார்கள். கரையெங்கும் குடைகள். ஒவ்வொரு குடைக்கும் கீழே மெத்தை விரித்த இரண்டு சாய்வுப் படுக்கைகள். இவை மூன்றும் சேர்ந்தது ஒரு ‘செட்’. தண்ணீரை ஒட்டிய வரிசையில் ஒரு செட்டுக்கு நாள் வாடகை நூறு யூரோவைத் தாண்டும். சீசன் உச்சத்தில் பல நூறு யூரோவுக்கும் போகும். சில இடங்களில் வாடகையோடு விடமாட்டார்கள். சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் இவ்வளவு யூரோவாவது செலவழித்தாக வேண்டும் என்பார்கள்.

நூறு யூரோ என்பது நம் பணத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய். கிரேக்கத்தில் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025 ஏப்ரலில்தான் 880 யூரோவாக உயர்ந்தது. அந்த ஊதியத்தில் வேலை செய்யும் ஒருவர், தன் நாட்டுக் கடற்கரையில் ஒரு நாள் நிழலில் படுக்க வேண்டுமானால், மாதச் சம்பளத்தில் ஒன்பதில் ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாரம்கூட வெளியூர் விடுமுறைக்குப் பணம் ஒதுக்க முடியாத கிரேக்கர்கள் பத்தில் நான்கு பேருக்கும் மேல் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அமைப்பான யூரோஸ்டாட்.

இத்தனைக்கும் அந்த மணல் எந்த விடுதிக்கும் சொந்தமில்லை. கிரேக்கத்தில் தனியார் கடற்கரை என்று ஒன்று சட்டப்படி கிடையாது. அந்நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 967ஆவது பிரிவு, சாலைகளையும் சதுக்கங்களையும் துறைமுகங்களையும் போலவே கடற்கரையையும் பொதுப் பயன்பாட்டுச் சொத்து என்கிறது. கரை எதுவரை என்பதற்கு 2001ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டத்தில் அழகான ஓர் அளவுகோல் இருக்கிறது: குளிர்காலத்தில் வழக்கமாக எழும் பெரிய அலை எதுவரை ஏறி வருகிறதோ, அதுவரை கரை. ஆகஸ்ட் மாதத்தில் அமைதியாகக் கிடக்கும் தண்ணீரை வைத்துக் கோடு போடக் கூடாது. ஜனவரிக் கடலைக் கேட்டுத்தான் போட வேண்டும். அந்தக் கோட்டுக்குள் யாரும் வரலாம், துண்டை விரிக்கலாம், குளிக்கலாம். அரசு குத்தகைக்கு விடுவது, ஒரு குறிப்பிட்ட பரப்பில் குடையும் படுக்கையும் போட்டு வாடகை வாங்கும் உரிமையை மட்டும். மணலில் உட்காருகிறவரை எழுப்பும் உரிமை அந்தக் குத்தகையில் இல்லை.

மிக்கோனோஸ் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரியாது. தெரிந்தாலும், துண்டை விரிக்க இடம் இருக்காது. பிரச்சினையே அங்கேதான்.

பணக்காரர்கள் எல்லோரும் தென்கரையில் ஏன் குவிகிறார்கள் என்பதற்குக் காரணம் காற்று. கோடை முழுக்க ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து ‘மெல்டேமி’ என்ற காற்று வீசும். சில நாட்கள் படகுப் போக்குவரத்தே நின்றுபோகும் அளவுக்கு வேகமெடுக்கும். மிக்கோனோஸின் பழைய காற்றாலைகள் தானியம் அரைத்தது இந்தக் காற்றில்தான். வடகரையில் இருக்கும் ஃப்டேலியா போன்ற கடற்கரைகள் பாய்மரச் சறுக்கு வீரர்களுக்கு ஏற்றவை, குடை நிற்காது. தென்கரையில் மலைமேடு காற்றைத் தடுத்துவிடுவதால் ஓர்னோஸ், ப்சாரூ, பிளாட்டிஸ் யாலோஸ், பாரடைஸ், எலியா எல்லாம் குளம்போல் கிடக்கும். படகும் ஆடாமல் நிற்கும், பரிமாறிய கோப்பையும் ஆடாமல் நிற்கும்.

இன்று பளபளக்கும் இந்தத் தீவு ஒரு காலத்தில் பரம ஏழை. கருங்கல் பூமி, மழை குறைவு, விவசாயம் சொற்பம். ஆண்கள் கப்பலேறிப் பிழைக்கப் போனார்கள். 1873இல் பிரெஞ்சுத் தொல்லியல் பள்ளி, பக்கத்தில் இருக்கும் டெலோஸ் தீவில் அகழாய்வு தொடங்கியதும் வெளியாட்கள் மிக்கோனோஸுக்கு வர ஆரம்பித்தார்கள். அப்பல்லோ பிறந்ததாகக் கிரேக்கர்கள் நம்பிய தீவு டெலோஸ். அதைப் பார்க்க வருபவர்கள் தங்கிய ஊர் மிக்கோனோஸ். 1960இல், கட்டடக் கலைஞர் ஆரிஸ் கான்ஸ்டான்டினிடிஸ் வடிவமைத்த ‘க்சேனியா’ என்ற அரசு விடுதி அங்கே எழுந்தது. உள்ளூர்க் கல்லில் கட்டிய தாழ்ந்த கட்டடம். நிலத்தின் மேல் தன்னைத் திணிக்காத கட்டடம். அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி தீவுக்கு வந்தார். பத்திரிகைப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. பின்னால் ஹிப்பிகள் வந்தார்கள். ஒருபாலீர்ப்பாளர்களை முகம்சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட ஊர் என்ற நல்ல பெயரும் கிடைத்தது. 1970களில் விமான நிலையம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பீச் கிளப்’ என்ற புது வகை வியாபாரம்.

பணம் இல்லாதவர் ப்சாரூவைப் பார்க்கவே முடியாது என்றில்லை. தீவின் தலைநகரான ஹோராவிலிருந்து பிளாட்டிஸ் யாலோஸுக்குப் பேருந்து ஓடுகிறது. கட்டணம் சில யூரோதான். அங்கிருந்து சிறு மேட்டைச் சுற்றி நடந்தால் பத்து நிமிடத்தில் ப்சாரூ. இறங்கும்போது முதலில் தெரிவது குடைகளின் உச்சி. ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி தெரியாமல். பின்னால் வெள்ளைச் சுவர்களுக்குள் உலகின் விலையுயர்ந்த ஆடை, கைப்பை நிறுவனங்களின் கடைகள். மணலில் இறங்கியதும் வெள்ளுடை அணிந்த ஊழியர் ஒருவர் சிரித்த முகத்துடன் எதிரே வந்து, முன்பதிவு இருக்கிறதா என்று கேட்பார். மரியாதையான கேள்விதான். ஆனால், ஒரு பொதுவிடத்தின் வாசலில் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. கடைசி வரிசைப் படுக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈர மணலில் ஒரு கீற்று மிஞ்சும். கருங்கல் தேய்ந்து உதிர்ந்த பருமணல் அது. காலில் ஒட்டாது, வெயிலில் மின்னும். போகிறவர், வருகிறவர், தட்டேந்திய பரிசாரகர், பந்து விளையாடும் குழந்தை எல்லோருக்கும் அந்தக் கீற்றுதான். அதில் துண்டை விரிக்கிறவர் யாருடைய நடைபாதையிலோ படுத்திருப்பதாகக் கூசிப்போய் எழுந்துவிடுவார். யாரும் விரட்ட வேண்டியதே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஏன் இப்படி நடக்கிறது என்பது விளங்கும். ஒரு கடற்கரையில் நூறு செட், செட்டுக்கு நூறு யூரோ என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் யூரோ. உணவும் மதுவும் தனி. நான்கு மாத சீசனில் இது பத்து லட்சம் யூரோவைத் தாண்டும். குத்தகைக் கோட்டுக்கு வெளியே கூடுதலாக ஒரு வரிசை போட்டால் அதன் வருமானம் முழுக்க லாபம். பிடிபட்டு அபராதம் கட்டினாலும், அது பல ஆண்டுகளாக வியாபாரச் செலவில் ஒன்றாகவே இருந்துவந்தது.

2023 மார்ச்சில் நடந்தது மிக்கோனோஸ் பணத்தின் முரட்டு முகத்தைக் காட்டியது. தீவின் கட்டுமானங்களை ஆய்வு செய்யும் பொறுப்பில் இருந்த அரசுத் தொல்லியலாளர் ஒருவர், ஏதென்ஸில் இரவில் தாக்கப்பட்டு நினைவிழந்து கிடந்தார். கிரேக்கத் தொல்லியலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவுக்கு வந்தார்கள். டெலோஸுக்கு அருகே இருப்பதாலும், தீவே பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு என்பதாலும், மிக்கோனோஸில் கட்டடம் கட்டத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்; கையெழுத்துப் போட மறுக்கும் அதிகாரி பலருக்கும் முட்டுக்கட்டை. அதற்குப் பிறகுதான் ஏதென்ஸிலிருந்து சிறப்பு ஆய்வுக் குழுக்கள் வந்தன. வடகரையில் பனோர்மோஸ் கடற்கரையில் அனுமதியின்றி விரிந்துகிடந்த பெரிய பீச் கிளப் ஒன்றின் மேல் அரசு நடவடிக்கை எடுத்தது. ஓர் அதிகாரி அடிபட்டுக் கிடந்த பிறகுதான் அரசுக்குத் தன் சட்டம் நினைவுக்கு வந்தது என்பதை எந்தக் கிரேக்கரும் பெருமையாகச் சொல்லமாட்டார்.

மக்கள் பக்கமிருந்து எழுந்த எதிர்ப்பு, அதே ஆண்டின் கோடையில் பக்கத்துத் தீவான பாரோஸில் தொடங்கியது. வெண்பளிங்குக்குப் பேர்போன தீவு அது. பழங்காலச் சிற்பிகள் தேடிப் போன பளிங்கு. மிக்கோனோஸின் விலை தாங்காதவர்களும், அங்கே கூட்டம் அதிகம் என்று நினைத்தவர்களும் பாரோஸுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் பின்னாலேயே குடைகளும் வந்தன. தாங்கள் சிறுவயதில் நீந்தப் பழகிய சாந்தா மரியா போன்ற கடற்கரைகளில் துண்டு விரிக்க இடமில்லை என்று கண்ட உள்ளூர்க்காரர்கள், ஆத்திரப்பட்டுக் கல்லெறியவில்லை. ட்ரோன் விட்டுப் படமெடுத்தார்கள். குத்தகை ஆவணத்தில் உள்ள பரப்பையும் படத்தில் தெரியும் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அனுமதித்ததைவிடப் பல மடங்கு இடம் மூடப்பட்டிருந்ததைக் காட்டினார்கள். பிறகு, நூற்றுக்கணக்கானவர்கள் கடற்கரையில் திரண்டு, கரையை மீட்போம் என்று எழுதிய பதாகைகளோடு நின்றார்கள்.

ஊடகங்கள் அதற்கு ‘துண்டு இயக்கம்’ என்று பெயர் வைத்தன. ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். சில வாரங்களில் அது நாக்ஸோஸ், செரிஃபோஸ், ரோட்ஸ், கிரீட் என்று பரவியது. நாட்டின் உச்ச நீதிமன்ற அரசு வழக்கறிஞர், கடற்கரை ஆக்கிரமிப்புகளை விசாரிக்கும்படி கீழமை வழக்கறிஞர்களுக்கு உத்தரவிட்டார். ஆகஸ்ட் மாதத்தில் ஆய்வாளர்கள் வந்து இறங்கியதும் பாரோஸில் பல கடற்கரைகளில் ஒரே இரவில் குடைகள் காணாமல் போயின. மணல் மறுபடி மணலாகத் தெரிந்தது. பல ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று ஓரிரு நாளில் முடிந்தது.

இதற்கு முன்பும் கிரேக்கர்கள் கரைக்காக எழுந்திருக்கிறார்கள். கடன் நெருக்கடியின் நடுவே, 2014இல், கடற்கரை விதிகளைத் தளர்த்தும் சட்ட முன்வரைவு ஒன்றை அரசு கொண்டுவந்தது. முதலீடு வரட்டும் என்பது வாதம். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். முன்வரைவு கிடப்பில் போடப்பட்டது. ஓய்வூதியமும் சம்பளமும் வெட்டப்பட்டு நொந்துபோயிருந்த காலத்திலும், கடலில் இலவசமாகக் குளிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை.

துண்டு இயக்கத்தின் விளைவாக 2024 தொடக்கத்தில் புதிய சட்டம் வந்தது. எண் 5092. கடற்கரையில் பாதியாவது குடையின்றி விடப்பட வேண்டும். இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் எழுபது சதவீதம். தண்ணீரிலிருந்து நான்கு மீட்டருக்குள் படுக்கை போடக் கூடாது. இரண்டு குத்தகைகளுக்கு நடுவே ஆறு மீட்டர் இடைவெளி. குத்தகையை மின்னணு ஏலத்தில்தான் விட வேண்டும். மீறினால் 60,000 யூரோ வரை அபராதம். கூடவே 198 கடற்கரைகள் ‘கால்படாக் கரைகள்’ என்று அறிவிக்கப்பட்டன. அங்கே குடை, படுக்கை, ஒலிபெருக்கி எதற்கும் இடமில்லை. பின்னர் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது.

‘மைகோஸ்ட்’ என்று ஒரு செயலியும் வந்தது. மணலில் நின்றபடி அதைத் திறந்தால், எந்த இடம் குத்தகையில் உள்ளது, எது இல்லை என்று வரைபடத்தில் காட்டும். குத்தகையே இல்லாத இடத்தில் குடை நின்றால் அங்கிருந்தே புகார் அனுப்பலாம். முதல் கோடையிலேயே ஆயிரக்கணக்கான புகார்கள் குவிந்தன. அதுவரை, கோடு எங்கே இருக்கிறது என்பது கிளப்காரருக்கும் அதிகாரிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. இப்போது பாட்டியின் கைபேசியிலும் இருக்கிறது. அபராதத் தொகையைவிட இதுவே பெரிய மாற்றம்.

கிளப்காரர்கள் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. கிரேக்கப் பொருளாதாரத்தில் நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுற்றுலாவை நம்பியது. 2023இல் சுமார் 3.27 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்து 2,000 கோடி யூரோவுக்கும் மேல் செலவழித்தார்கள். குறைந்த எண்ணிக்கையில் வந்து நிறையச் செலவழிப்பவர்கள் வரட்டும் என்று சொல்பவர்கள், சொகுசுக் கப்பல்களில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் மிக்கோனோஸில் வந்திறங்கிச் சில மணி நேரத்தில் போய்விடுவதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். 2025 ஜூலை முதல் உச்சப் பருவத்தில் அப்படி இறங்குபவரிடம் தலைக்கு 20 யூரோ வசூலிக்கப்படுகிறது. பத்தாயிரம் சொச்சம் மக்கள் வாழும் தீவு அது.

ஆனால், செல்வந்தர் செலவழிப்பதற்கு ஊராரின் மணலை முழுசாக மூடித்தான் ஆக வேண்டுமா? பாதிக் கரையில் குடை போட்டும் அதே விருந்தினரை உபசரிக்க முடியும். அந்தப் பணம் தீவில் தங்குகிறதா என்பதும் பார்க்க வேண்டியது. சீசனில் வேலைக்கு வரும் சமையற்காரர்களும் பரிசாரகர்களும் ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். சரக்குப் பெட்டகங்களில் தங்கவைக்கப்பட்டவர்கள் பற்றியும் செய்திகள் வந்திருக்கின்றன. தீவுப் பள்ளிகளுக்கும் சுகாதார நிலையத்துக்கும் நியமிக்கப்படும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் வாடகைக்கு வீடு கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ஒரு வார வாடகையில் ஒரு மாதச் சம்பளத்தைச் சம்பாதிக்கும் வீட்டைச் செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது எந்த உரிமையாளர் ஆசிரியருக்குக் கொடுப்பார்?

கடற்கரை பொது என்ற எண்ணம் நேற்று முளைத்ததில்லை. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் கான்ஸ்டான்டினோபிளில் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, காற்றையும் ஓடும் நீரையும் கடலையும், அதனால் கடற்கரையையும், எல்லோருக்கும் பொது என்று வகுத்தது. அந்தக் கோட்பாடு இந்தியாவுக்கும் வந்தது. இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றின் போக்கையே திருப்பிவிட்ட விடுதி ஒன்றுக்கு எதிரான வழக்கில், 1996இல் நம் உச்ச நீதிமன்றம் இதே ரோமானியச் சட்டத்தை நினைவுகூர்ந்து, இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தது. பாரோஸ் மக்கள் ட்ரோனில் எடுத்த படமும் அந்தத் தீர்ப்பும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இந்தியாவிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறவர்கள் பெருகிவருகிறார்கள். தேனிலவுக்கும் திருமணத்துக்கும்கூடப் போகிறார்கள். அவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சில. மிக்கோனோஸின் வடகரையில் ஆயியோஸ் சோஸ்டிஸ் என்ற கடற்கரையில் குடையும் இல்லை, பாட்டும் இல்லை. காற்றடிக்காத நாளில் ப்சாரூவின் அதே நீலம் அங்கேயும் இருக்கிறது. நிழலுக்குத் தொப்பியோ சிறு குடையோ கையில் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். படுக்கை எடுப்பதானால், விலையையும் குறைந்தபட்சச் செலவு உண்டா என்பதையும் உட்காரும் முன்பே கேட்டுவிட வேண்டும். மீனையும் இறாலையும் கிலோ கணக்கில் விலை போட்டிருந்தால் எடையைப் பார்த்த பிறகே சமைக்கச் சொல்ல வேண்டும். ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று கிரேக்க உணவகங்களின் உணவுப் பட்டியலில் அச்சிட்டிருக்கும். எந்த மொழியில் இருந்தாலும் அந்த வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சட்டம் எழுதியாயிற்று, செயலியும் வந்தாயிற்று. இனி வேண்டியது ஆட்கள். சைக்ளேட்ஸ் தீவுக் கூட்டத்தில் மக்கள் வாழும் தீவுகளே இருபதுக்கும் மேல். நிர்வாகத் தலைநகரோ சீரோஸ் தீவில். அங்கிருந்து ஓர் ஆய்வாளர் கிளம்பினால் படகேறி வர வேண்டும், மெல்டேமி வீசாமல் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் படம் குடையைக் காட்டும். முத்திரை வைக்க மனிதர் வர வேண்டும். ஜூன் தொடங்கி செப்டம்பர் முடியும்வரை ஒவ்வொரு பெரிய தீவிலும் ஒரு நிலையான ஆய்வுக் குழுவை அரசு நிறுத்த வேண்டும். ஏலத்தில் வரும் குத்தகைப் பணத்தில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும். இரண்டாவது முறை கோட்டைத் தாண்டும் கிளப்புக்கு அடுத்த ஏலத்தில் இடம் தரக் கூடாது. மிக்கோனோஸில் இதைத் தொடங்குவதாக இருந்தால், முதல் குழு இறங்க வேண்டிய இடம் தென்கரைதான்.